ஆளுக்கொரு பாத்திரம்

வலது தோள்பட்டையிலிருந்து முழங்கை வரைக்கும், நரம்பை யாரோ உள்ளேயிருந்து பிடித்து முறுக்குவதுபோல் வலித்தது தங்கராஜுக்கு. சனிக்கிழமை வார்ப்பு நாள். பதினோரு மணிக்கு உலையைத் திறந்தார்கள். நாலு மணி வரைக்கும் உருகின இரும்பைக் கரண்டியில் ஏந்தி, எதிர்ப்பிடியைத் திருமூர்த்தி பிடிக்க, பெட்டி பெட்டியாக ஊற்றி முடித்தபோது சட்டை காய்ந்து, நனைந்து, மறுபடியும் காய்ந்து உப்புப் பூத்திருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் செய்கிற வேலையில்லைதான். ஆனால் சின்னவேடம்பட்டியில் அந்தப் பவுண்டரியில் கரண்டி பிடித்தால் கை நடுங்காத ஆட்கள் இரண்டு பேர்தான் மிச்சம். ஒன்று அவர், இன்னொன்று திருமூர்த்தி.

ஆறு நாள் பவுண்டரி, ஏழாம் நாள் பிரசங்கம். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான். தகரக் கூரை போட்ட சபை, அறுபது எழுபது பேர். பாதிப்பேர் பவுண்டரி, லேத் பட்டறை ஆட்கள், மீதிப்பேர் அவர்கள் வீட்டுப் பெண்கள். சபையிலிருந்து ஒரு பைசா சம்பளம் வாங்காத போதகர் என்பதில் அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை உண்டு.

விமலாராணி நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி வந்து, கணவனின் தோளில் தேய்த்தாள். அடுப்பில் பன்னீர் திராட்சை கொதித்துக்கொண்டிருந்தது. தொண்டாமுத்தூர்ப் பழம். கொதித்து, தோல் வெடித்து, வீடெல்லாம் புளிப்பும் இனிப்புமாக மணத்தது. வெளியே ஆடிக்காற்று ஜன்னலைப் போட்டு அடித்தது.

"பழம் வெந்துபோச்சுங்க. வடிகட்டி வெச்சுப்போட்டா வேலை முடிஞ்சுது. பாத்திரத்தையும் புளி போட்டுத் தேச்சு வெச்சிட்டேன். பளபளன்னு இருக்குது, போய்ப் பாருங்க."

"அது நாளைக்கு வேண்டாம் விமலா."

தேய்த்த கை நின்றது.

தங்கராஜ் பையை இழுத்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார். சுண்டுவிரல் உயரத்தில் பிளாஸ்டிக் கோப்பைகள், ஒன்றுக்குள் ஒன்றாக நூறு இருக்கும். குழி குழியாக ஓட்டை போட்ட ஒரு தட்டும் இருந்தது.

விமலாராணி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதென்னுங்க, இருமல் மருந்து குடிக்கற மூடியாட்ட?"

"டவுன் சபையெல்லாம் இப்ப இதுதான். ஆளுக்கு ஒண்ணு. சுத்தம்."

"சுத்தமா? கொரோனாவுல ஊரே பயந்து கெடந்தப்பக்கூட, 'பாத்திரத்த மாத்தமாட்டேன், நின்னா நிக்கட்டும்'னு ஒண்ணரை வருசம் திருவிருந்தையே நிறுத்திவெச்ச ஆளு நீங்க. இப்ப என்ன சீக்கு வந்துச்சு?"

அவர் கோப்பையை வாங்கிப் பொட்டலத்தில் வைத்தார். அவளுக்கே தெரிந்த சங்கதிதான்.

மகன் வின்ஸ்டன் சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். கூட வேலை பார்த்த நவ்யாவைக் கட்டிக்கொண்டான். பெண் வீட்டார் கோவில்பாளையத்தில் தென்னந்தோப்பும், பீளமேட்டில் மோட்டார் பம்பு பட்டறையும் உள்ளவர்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிற பழைய பண்ணைக் குடும்பம். கல்யாணத்துக்கு வரவில்லை. நாலு வருஷம் வாசல் மிதிக்கவில்லை. இப்போது பேத்தி பிறந்து ஐந்து மாதம். குழந்தை லாஸ்யாவை நாளைக்குச் சபையில் ஜெபித்து, கடவுளுக்கென்று பிரதிஷ்டை பண்ணுகிறார்கள். நவ்யாவின் அப்பா கோவிந்தராஜுலுவும் அம்மா ரங்கநாயகியும் வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். நாளை மாதத்தின் முதல் ஞாயிறு. சபையார் எல்லாரும் ஒரே பாத்திரத்தில் திராட்சை ரசம் குடிக்கிற திருவிருந்தும் உண்டு.

வின்ஸ்டன் போனில் சொன்னது இவ்வளவுதான்: "அப்பா, மாமனாரு மொத தடவை வர்றாரு. எல்லாம் கொஞ்சம் டீசன்ட்டா இருக்கட்டும்." மைக் கீச்சிடுவதைத்தான் அவன் சொன்னான். தங்கராஜ் மைக்கைச் சரிபண்ணினார். நாற்காலி வாடகைக்கு எடுத்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, பெரியகடை வீதிக்குப் போய் இந்தப் பொட்டலத்தையும் வாங்கிவந்தார்.

"சம்பந்தி கேட்டாங்களா?" என்றாள் விமலாராணி.

"கேக்கோணுமா? நமக்கே தெரிய வேண்டாமா? திருமூர்த்தி பொண்டாட்டி மாராத்தா வாய் வெச்ச பாத்திரத்துல அவிய மக வாய் வெக்கறத, பெத்தவிய முன்னால உக்காந்து பாக்கோணுமா?"

"மாராத்தா வாய்க்கு என்ன கேடு? நீங்களும் அந்த மாதிரித் தெருவுல பொறந்தவருதானுங்களே."

எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போய்விட்டாள். தோள் வலி முதுகுக்கு இறங்கியது.

அந்தப் பாத்திரம் பவுண்டரியில் பிறந்தது. பம்புக்குள் போடுகிற பித்தளை உதிரிகளின் கழிவைச் சேர்த்து, முதலாளியிடம் கேட்டுவாங்கி, திருமூர்த்தி கருமண்ணில் அச்சுக் கட்டி வார்த்தது. உள்ளே ஈயம் பூசியது. ஒருபக்கம் கொஞ்சம் தடித்திருக்கும். "நம்மாளுக ஒதடும் தடிச்சதுதானுங்ணா, சரியா இருக்கும்" என்று சொல்லிக் கொடுத்தான்.

திருமூர்த்திக்கு அன்னூர்ப் பக்கம் ஒரு ஊர். அவன் சபைக்கு வந்ததே தங்கராஜின் ஒரு பிரசங்கத்தால்தான். அந்த நாளில் தங்கராஜுக்குப் பெரிய படிப்பு ஒன்றும் கிடையாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில், உலைச் சூட்டில் நின்றுகொண்டு சொன்னார்: "உங்க ஊரு டீக்கடைக்காரன் உனக்குக் குடுக்கற டம்ளரு எங்க மாட்டியிருக்குதுன்னு உனக்குத் தெரியும். வெளிய, ஆணியில. எங்க சாமி சாகறதுக்கு மொத நாளு ராத்திரி ஒரு பாத்திரத்த எடுத்தாரு. காட்டிக் குடுக்கறவன், மறுதலிக்கறவன் எல்லாம் அதுலதான் குடிச்சான். ரெண்டாவது பாத்திரம் அங்க இல்லை. நீ வந்து பாரு." திருமூர்த்தி வந்து பார்த்தான். பெண்டாட்டி மாராத்தாளையும் கூட்டிவந்தான். பேரை மாற்றிக்கொள்ளவில்லை. தங்கராஜ் மாற்றச் சொல்லவும் இல்லை. மாதாமாதம் திருவிருந்தில், தோளில் வெள்ளைத் துணியோடு தங்கராஜின் பக்கத்தில் நின்று, ஒவ்வொருவர் குடித்ததும் பாத்திரத்தின் விளிம்பைத் துடைத்துத் திருப்பிக் கொடுக்கிற வேலை அவனுடையது.

திருமூர்த்தியின் ஊர் டீக்கடையில் ஆணி டம்ளர் இப்போது இல்லை. யாரோ பெட்டிஷன் போட்டார்கள். கடைக்காரன் ஆணியைப் பிடுங்கிவிட்டு, திருமூர்த்தியின் தெரு ஆட்களுக்கு மட்டும் தூக்கியெறிகிற பேப்பர் கப் கொடுக்க ஆரம்பித்தான். மற்றவர்களுக்குக் கண்ணாடிக் கிளாஸ். கேட்டால், "உங்க சுத்தத்துக்குத்தான்" என்பான். திருமூர்த்தி ஒருநாள் சபையில் சாட்சி சொன்னான்: "எனக்குத் தெனமும் புது டம்ளருங்க. கலெக்டருக்குக்கூட அப்படி இல்லை. என்ன, குடிச்சுப்போட்டு நானே கொண்டுபோயி வெளிய போடோணும்." சபை சிரித்தது. தங்கராஜும் சிரித்தார்.

அதெல்லாம் தெரிந்த ஆள்தான் அந்தப் பொட்டலத்தை வாங்கினார்.

அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. போன மாதம் டவுனில் போதகர்களுக்கு ஒருநாள் கூட்டம் நடந்தது. காதோரம் மைக் மாட்டின ஒரு ஆள் நன்றாகப் பேசினார். கேட்கிறவனுடைய வாழ்க்கைக்குள், பழக்கவழக்கத்துக்குள் இறங்கிப் போய்ப் பேசுங்கள், அவனுக்கு அந்நியமாய் நிற்காதீர்கள் என்றார். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. தங்கராஜ் நோட்டில் நாலு பக்கம் எழுதிவந்தார். வெள்ளிக்கிழமை உட்கார்ந்து அதைப் பிரசங்கமாக்கினார். கேட்கிறவன் என்று அவர் மனசில் வைத்து எழுதியது ஒரே ஒரு ஆளை. அந்த ஆள் அதுவரைக்கும் அவர் சபைக்கு வந்ததே இல்லை.

ஞாயிறு காலையில் சாரல். தகரத்தின்மேல் காற்று கல்லெறிவதுபோல் விழுந்தது. கார் வந்து நின்றது. கோவிந்தராஜுலு வெள்ளை வேட்டி சட்டையில் இறங்கினார். கைகூப்பினார். ரங்கநாயகி நேராகப் போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டாள். வாங்கினதும் முந்தானையால் அதன் தலையைச் சாரல் படாமல் மூடினாள்.

பிரதிஷ்டை நல்லபடியாக முடிந்தது. குழந்தை அழவில்லை. தங்கராஜ் பிரசங்கத்துக்கு எழுந்தார். தோள் வலி போன இடம் தெரியவில்லை.

"அன்பானவங்களே, பவுல் என்ன பண்ணுனாரு? யூதங்ககிட்டப் போனா யூதனாட்ட நின்னாரு. மத்தவங்ககிட்டப் போனா மத்தவங்களாட்ட நின்னாரு. எல்லாத்துக்கும் எல்லாமா ஆனாரு. எதுக்கு? எப்படியாவது நாலு பேரைச் சேக்கறதுக்கு. நாமளும் அப்படித்தான். வயக்காட்டுக்காரன்கிட்ட வெதையப் பத்திப் பேசோணும். வார்ப்புக்காரன்கிட்ட உலையப் பத்திப் பேசோணும். காலம் மாறுது. நம்ம கோயிலுக்குப் புதுசா வர்றவிய முகஞ் சுளிக்கற மாதிரி நாம எதையும் வெச்சுக்கப்படாது. சுவிசேஷம் மாறாது, மாறவே மாறாது. ஆனா அதை ஊத்தற பாத்திரம் மாறலாம்!"

கடைசி வரியை வெள்ளிக்கிழமையே எழுதி, கண்ணாடி முன்னால் நின்று நாலு தடவை சொல்லிப் பார்த்திருந்தார். சபையில் நாலைந்து பேர் ஆமென் என்றார்கள். கோவிந்தராஜுலு தலையாட்டினார். தங்கராஜுக்கு நெஞ்சு நிறைந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் அவருக்கு உடம்பு கூசுகிறது. அந்த நேரத்தில் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

திருவிருந்து. வழக்கம்போலத் திருமூர்த்தி எழுந்து, துவைத்து மடித்த வெள்ளைத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தான். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்கவில்லை. நேற்று அஞ்சு மணி நேரம் ஒரே கரண்டியின் இரண்டு முனையைப் பிடித்து நின்றபோதும் சொல்லவில்லை.

மேசையில் தட்டு இருந்தது. ஓட்டைக்கு ஒன்றாகக் கோப்பைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மடக்கு ரசம்.

திருமூர்த்தி தட்டைப் பார்த்தான். பிறகு தங்கராஜைப் பார்த்தான். தங்கராஜ் வேதப்புத்தகத்தைப் பார்த்தார். திருமூர்த்தி துணியைத் தோளிலிருந்து எடுத்து, நாலாக மடித்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வந்த வழியே போய் மாராத்தாளுக்கு எதிர் வரிசையில் தன் இடத்தில் உட்கார்ந்தான்.

தட்டு சுற்றிவந்தது. அவனிடம் வந்ததும் ஒன்றை எடுத்துக் குடித்தான். குடித்துவிட்டு, எழுந்து நின்று, சத்தமாக ஒன்றும் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டான்:

"ஏனுங்ணா, குடிச்சுப்போட்டு இத எங்க போடறதுங்க? வெளியவா?"

யாரோ ஒரு பெண் தெரியாமல் களுக்கென்று சிரித்துவிட்டாள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. காற்று தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"அங்க... கூடை வெச்சிருக்குது" என்றார் தங்கராஜ்.

கூடை கதவுக்கு வெளியேதான் இருந்தது. திருமூர்த்தி போய்ப் போட்டுவிட்டு வந்தான். மாராத்தாள் கோப்பையைத் தொடாமல் தட்டை அடுத்த ஆளிடம் தள்ளிவிட்டாள்.

மதியம் வீட்டில் பிரியாணி, கோழிக் குழம்பு, வெங்காயப் பச்சடி. வாழையிலை போட்டிருந்தது. கோவிந்தராஜுலு நன்றாகவே சாப்பிட்டார். தண்ணீர் மட்டும் காரிலிருந்து பாட்டில் எடுத்துவரச் சொன்னார். டாக்டர் சொன்னதாம். சாப்பாட்டின் நடுவில் மனைவி பக்கம் சாய்ந்து தெலுங்கில் தணிந்து சொன்னார்: "பரவால்ல, நம்ம வீட்டுல மாதிரியே ஆளுக்கொண்ணு தனியா வெச்சுட்டாங்க. தெரிஞ்சு நடந்துக்கறாங்க."

தங்கராஜுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. அவர் பிறந்த தெருவிலும் தெலுங்குதான். அவர் அம்மா அவரைத் திட்டினதும் கொஞ்சினதும் அதில்தான். ஆனால் அந்தத் தெலுங்கின் இழுப்பைக் கேட்டால் எந்தத் தெரு என்று தெரிந்துவிடும். அதனால் சம்பந்தி வீட்டார் முன்னால் அந்தப் பாஷையே தெரியாதவர்போல இருக்கவேண்டும் என்று முதல் நாளே தீர்மானித்திருந்தார்.

"சித்த கொழம்பு ஊத்தட்டுங்களா சம்பந்தி?" என்றார்.

ரங்கநாயகி அதைக் காதில் வாங்காமல் எழுந்தாள். இலையை மடித்துவிட்டு, கை கழுவின ஈரத்தோடு தங்கராஜிடம் வந்தாள்.

"ஏனுங்க, நவ்யா ஒண்ணு சொல்லியிருந்தா. உங்க கோயில்ல ஒரே டம்ளர்ல எல்லாரும் குடிப்பாங்க, பெரிய ஆளு சின்ன ஆளு பாக்கமாட்டாங்கன்னு. இன்னைக்கு அதக் காணமே?"

"அது வந்துங்க... இந்த வாரம் ஒரம்பரை, சொந்தக்காரவிய ஜாஸ்திங்கறதால..."

"ஓ. எங்க ஊட்டுக் கொல்லையில தோட்டத்து ஆளுகளுக்குன்னு ஒரு டம்ளரு செவுத்துல கவுத்தியிருக்குமுங்க. நான் கலியாணமாயி வந்தப்பவே இருந்துச்சு. இன்னமும் இருக்குது. முப்பத்திரெண்டு வருசம். எடுத்து உள்ள வெக்க எனக்குத் தெகிரியம் வரலைங்க. அது இல்லாத எடம் எப்படி இருக்கும்னு கண்ணால பாக்கோணும்னுதான் இவியளக் கட்டி இழுத்துட்டு வந்தேன்."

"எதுக்கு இப்ப அந்தப் பழமையெல்லாம்?" என்றார் கோவிந்தராஜுலு, பல் குத்திக்கொண்டே.

"இல்லைங்க, சும்மா கேட்டேன்" என்று ரங்கநாயகி குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். "அடுத்த மாசம் உண்டுங்களா?"

"உண்டுங்க" என்றார் தங்கராஜ்.

கார் போன பிறகு விமலாராணி பாத்திரங்களைக் கொல்லையில் போட்டுத் தேய்த்தாள். ஒவ்வொன்றும் நங்கென்று விழுந்தது. "ஆயுசுலயே ஒரு நல்ல பிரசங்கம் பண்ணுனீங்க, இருபத்திரெண்டு வருசத்துக்கு முந்தி. அத இன்னைக்குக் கையில புடிச்சு நெரிச்சுப்போட்டீங்க" என்று அங்கிருந்தே சொன்னாள்.

நவ்யா குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு வந்து மாமனாரின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுங்களா? கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு கண்ணு."

"நீங்க யாருக்கு மறைச்சீங்க? எங்கப்பா மொத வாரமே ஆள் வெச்சு விசாரிச்சுட்டாரு. உங்க தாத்தா எந்த ஊரு, எந்தத் தெரு, என்ன வேலை பாத்தாரு, எல்லாம். தெரிஞ்சுதான் நாலு வருஷம் வரலை. தெரிஞ்சுதான் இன்னைக்கு வந்தாரு. நீங்க தெலுங்கு தெரியாத மாதிரி உக்காந்திருந்தீங்களே, அதுவும் அவருக்குத் தெரியும்."

தங்கராஜ் தன் கைகளைப் பார்த்தார். தீப்பொறி பட்டுச் சுட்ட தழும்புகள், புள்ளி புள்ளியாக.

"எனக்கு ஞானஸ்நானம் குடுத்த அன்னிக்கு, எனக்கு முந்தி மாராத்தாக்காதான் குடிச்சாங்க. பாத்திரத்துல வெத்தலை வாசம். எனக்குக் குமட்டுச்சு மாமா, பொய் சொல்லமாட்டேன். வளர்ந்த வளர்ப்பு அப்படி. ஆனா முழுங்கினேன். என் வாழ்க்கையில நான் செஞ்ச ஒரே தெகிரியமான காரியம் அதுதான். அதைத்தான் எங்கம்மாகிட்டச் சொன்னேன். அதைப் பார்க்கத்தான் அவங்க வந்தாங்க."

அவள் எழுந்து போனாள். அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது பசியில்லை என்றார். பொய். பசித்தது.

திங்கட்கிழமை வார்ப்புப் பெட்டிகளை உடைக்கிற நாள். சூடு ஆறின மண்ணைக் கடப்பாரையால் தட்டிக் கொட்டி, உள்ளேயிருந்து பம்பு உறைகளைப் பிரித்தெடுக்க வேண்டும். புகையும் தூசியும். திருமூர்த்தி முன்னமே வந்து வேலையைத் தொடங்கியிருந்தான். தினமும் பார்த்ததும், "ஏனுங்ணா, தோளு எப்படி இருக்குது? நாளைக்குச் செத்தா யாரு கரண்டி புடிக்கறது?" என்று கிண்டலோடுதான் ஆரம்பிப்பான்.

"வாங்க ஐயா" என்றான்.

தங்கராஜுக்குச் சுரீரென்றது. தோட்டத்துப் பண்ணைக்காரர்களிடம், பட்டறை முதலாளிகளிடம், போலீஸ்காரரிடம் அவன் பேசுகிற பேச்சு அது. தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு. இருபத்திரண்டு வருஷத்தில் அவன் ஒரு தடவைகூட அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"என்ன திருமூர்த்தி, ஐயாங்கற?"

"சபைப் போதகருங்களே. மருவாதி வேண்டாங்களா?"

இரண்டு பேரும் ஒரு பெட்டியின் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். வைத்தார்கள். இன்னொன்று. டீ வந்தது. பெரிய கேனில் வரும், எல்லாருக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர். திருமூர்த்தி எல்லாரும் எடுக்கிறவரைக்கும் நின்று, கடைசியாக எடுத்துக்கொண்டான்.

தங்கராஜ் அவனைச் செங்கல் அடுக்குப் பக்கம் கூட்டிப்போனார். "நான் நேத்துப் பண்ணுனது தப்பு. மனசுல வெச்சுக்காத."

"நான் என்னுங்க மனசுல வெக்கறது? டீக்கடைக்காரன் குடுத்தா வாங்கிக் குடிக்கறேன். அவன்மேலயே கோவம் வரதில்லை."

"திருமூர்த்தி..."

"டீக்கடைக்காரன் காசுக்குத் தாரான். அவன் என்னைய வா வான்னு கூப்படலை. நீங்க கூப்ட்டீங்க." டீயை ஆற்றினான். "மாராத்தா ராத்திரியெல்லாம் ஒரே கேள்விங்க. 'அந்தாளு பைபிள்ல இருந்துதான சொல்றாரு? அன்னைக்குச் சொன்னதும் பைபிளு, இன்னைக்குச் சொன்னதும் பைபிளு. எது நெசம்?'ங்கறா. எனக்குச் சொல்லத் தெரியலைங்க."

"அன்னைக்குச் சொன்னதுதான் நெசம். இதை உங்கிட்ட ஒத்துக்கறேன். காலைப் புடிக்கச் சொன்னாலும் புடிக்கறேன்."

"அய்யய்யோ, என்னுங்க இது!" திருமூர்த்தி இரண்டடி பின்னால் போனான். பிறகு, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னான்: "இந்தச் செங்கல் அடுக்கு ஓரத்துல சொல்லி என்னுங்க ஆகுது? சபையில நின்னு சொன்னீங்க. மைக்குல சொன்னீங்க. பிரசங்கமாச் சொன்னீங்க. மாத்திச் சொல்றதா இருந்தா அங்கயே நின்னு சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"சொல்றேன். அடுத்த திருவிருந்துல சொல்றேன்."

"செரிங்க."

செப்டம்பர் முதல் ஞாயிறு வந்தது. தங்கராஜ் அன்றைக்குத் திருவிருந்து இல்லை, சாட்சி ஞாயிறு என்று அறிவித்தார். சபையார் ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொன்னார்கள். சுகமான கால் வலி, கிடைத்த வேலை. திருமூர்த்தி தனியாக வந்து, கடைசியில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனான். மாராத்தாள் வரவில்லை. அதற்கடுத்த மூன்று ஞாயிறும் வரவில்லை. பவுண்டரியில் வேலை நடந்தது. ஒரே கரண்டி, இரண்டு முனை. "வாங்க ஐயா", "ஆச்சுங்க ஐயா", "செரிங்க ஐயா".

அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை விமலாராணி பழத்தை வாங்கி அடுப்பில் வைக்காமல் திண்டில் வைத்தாள். "பாத்திரத்துல ஊத்தறதா இருந்தாக் கொதிக்க வெக்கறேன். மருந்து மூடிக்குன்னா நீங்களே காச்சிக்குங்க."

"பாத்திரந்தான்" என்றார் தங்கராஜ். "நாளைக்கு எல்லாத்தையும் சொல்லிப்போடறேன்."

நிஜமாகவே எழுதினார். ஒரு பக்கம்தான். பவுல் எல்லாருக்கும் எல்லாமாக ஆனது பலவீனமானவனுக்காக, பெரிய மனுஷனுக்காக அல்ல. நான் அதைத் தலைகீழாகத் திருப்பினேன். வந்தவர்களுக்குப் பயந்து, இருந்தவர்களை வெளியே நிறுத்தினேன். நான் திருமூர்த்தியின் தெரு மாதிரியே ஒரு தெருவில் பிறந்தவன். இப்படி எழுதி, மடித்து, வேதப்புத்தகத்துக்குள் வைத்தார். அன்றைக்கு நன்றாகத் தூங்கினார்.

காலையில் மாராத்தாள் வந்திருந்தாள். துவைத்த பச்சைச் சேலை, தலை நிறையக் கனகாம்பரம். ஊர் நோம்பித் திருவிழாவுக்கு வந்தவள் மாதிரி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பின்னாலேயே ஒரு ஆட்டோவில் ரங்கநாயகி வந்து இறங்கினாள். தனியாக. யாரிடமும் சொல்லாமல் வந்தேன் என்றாள்.

தங்கராஜ் எழுந்தார். புத்தகத்தைத் திறந்தார். காகிதம் இருந்தது. நிமிர்ந்தால் ரங்கநாயகியின் முகம். அந்தப் பார்வையில் அத்தனை மரியாதை இருந்தது. முப்பத்திரண்டு வருஷமாகத் தன்னால் முடியாததை முதலிலிருந்தே செய்துகொண்டிருக்கிற மனுஷன் என்று அவரைப் பார்த்தாள். காகிதத்தைப் படித்தால் அந்தப் பார்வை போய்விடும். அவர் பக்கத்தைத் திருப்பினார். மேய்ப்பனைப் பற்றிப் பேசினார். காணாமல்போன ஆட்டைப் பற்றிப் பேசினார். நாற்பது நிமிஷம் பேசினார். என்ன பேசினார் என்று இறங்கின பிறகு அவருக்கே நினைவில்லை.

பாத்திரம் சுற்றிவந்தது. திருமூர்த்தி துணியோடு பக்கத்தில் நின்று துடைத்துத் துடைத்துக் கொடுத்தான். மாராத்தாள் வாங்கினாள், அவர் முகத்தைப் பார்த்தாள், குடிக்காமல் நவ்யாவிடம் கொடுத்துவிட்டாள். நவ்யா குடித்தாள். ரங்கநாயகி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாசலில் தங்கராஜின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களாட்ட ஆளுகளாலதானுங்க..." என்று சொல்ல வந்து, முடிக்க முடியாமல் ஆட்டோவில் ஏறினாள். அவர் அதை வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

எல்லாரும் போன பிறகு திருமூர்த்தி பாத்திரத்தைக் கழுவி, துடைத்து, மேசையில் வைத்தான். மாராத்தாள் வெளியே மொபெட் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"இன்னைக்குச் சொல்லிப்போடுவாருன்னு சொல்லித்தானுங்க அவளைக் கூட்டிட்டு வந்தேன். வரமாட்டேன்னா. மூணு நாளாக் கெஞ்சுனேன்."

"எழுதியே வெச்சிருந்தேன் திருமூர்த்தி. இதா பாரு." காகிதத்தை எடுத்து நீட்டினார்.

திருமூர்த்தி அதை வாங்கவில்லை. "எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே" என்றான்.

"அடுத்த மாசம்..."

"பாக்கலாமுங்க ஐயா."

மொபெட் போன சத்தம் அடங்குகிறவரைக்கும் தங்கராஜ் வாசலில் நின்றார்.

அதற்கப்புறம் மூன்று முதல் ஞாயிறுகள் போய்விட்டன. பாத்திரம் பழையபடி சுற்றுகிறது. திருமூர்த்தி துடைத்துக் கொடுக்கிறான். மாராத்தாள் வருவதில்லை. திருமூர்த்தியும் மாராத்தாளும் கேட்க, சபை நடுவில், அதே இடத்தில் நின்று, "அன்றைக்கு நான் சொன்னது வேதமல்ல, என் பயம்" என்று தங்கராஜ் சொல்லவேண்டிய ஒரு வார்த்தை இன்னும் பாக்கி.